வண்டுகொல்லி போட்டது நான்தான்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். நரிக்குடிக் கண்மாய்க்கரையில் ஆடு மேய்த்தவன். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே, கருவேலங்காட்டு ஓரத்தில், நீங்கள் இன்று வேலை பார்க்கும் விலங்குக்கூடத்தை உண்டாக்கியது அந்த நான்தான். கொட்டகை முதலாளியுடையது, இல்லையென்று சொல்லவில்லை. கொட்டகையை யார் வேண்டுமானாலும் போடலாம். அதற்குள் உயிர் நிற்க வேண்டுமே.

நூல் குடோனாகக் கிடந்த தகரக் கூரைக்கு மேல் பனை ஓலை வேய்ந்தது நான். சன்னலுக்குச் சாக்குக் கட்டி மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் நனைத்தது நான். இங்கே ஆழ்துளைத் தண்ணீர் உப்பு. அதைக் குடித்துக் கினிப்பன்றிக் குட்டிகள் சூம்பின. குடிதண்ணீர் பாலவனத்தத்துக் கிணற்றிலிருந்துதான் வர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று வாங்கியது நான். பதினோரு கினிப்பன்றியைக் கொடுத்துவிட்டுப் பெருக்கிக் காட்டு பார்க்கலாம் என்றார்கள். இரண்டு வருஷத்தில் கூண்டு போதவில்லை. முதுகில் தடவிய மருந்தை அது திரும்பி நக்கிவிடும். நக்கவிடாமல் கழுத்தைச் சுற்றிப் பனை ஓலையில் ஒரு வட்டப் பட்டை வெட்டி மாட்டினேன். மெட்ராஸிலிருந்து வந்தவர்கள் அதைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். இங்கிலீஷ் எழுத்து தெரியாது. ஆனாலும் 'ட்ரைக்கோபைட்டான்' என்ற பூஞ்சைப் பேரைத் தமிழில் எழுதி, வாயில் வரும்வரை கூண்டு கழுவிக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். படித்தவர்கள் பாதிப் பேர் அதை என்னைவிடத் திக்கித்தான் சொல்கிறார்கள்.

நம் தொழில் என்ன என்று வெளியே கேட்பவர்களுக்கு நான் ஒரே வரியில் சொல்வேன். படர்தாமரைக்குப் போடுகிற களிம்பை மனுஷத் தோலில் தடவும் முன்னால் கினிப்பன்றியின் தோலில் தடவிப் பார்ப்பது. அதன் முதுகு மயிரை மழித்து, பூஞ்சையைத் தேய்த்து, புண் வரவழைத்து, பிறகு மருந்து தடவி, எத்தனை நாளில் எவ்வளவு ஆறுகிறது என்று பார்ப்பது. எப்படிச் செய்வது என்பது உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. அதை நான் எழுதப்போவதில்லை. புத்தகத்தில் இல்லாதது ஒன்று இருக்கிறது. எண்பதுகளின் கடைசியில் நடந்தது.

அப்போது இங்கே ஒரு டாக்டரம்மா இருந்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, பூஞ்சையில் பட்டம் வாங்கியவர். மதுரைக்காரர். பேர் போடுவது அவருக்குப் பிடிக்காது, அதனால் போடவில்லை. எனக்கு இந்தத் தொழிலில் யாராவது ஏதாவது சொல்லிக்கொடுத்தார்கள் என்றால் அவர் மட்டும்தான். மற்றதெல்லாம் நானே கற்றது.

அவரிடம் நான் பேர் வாங்கியதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிற்பாடு சொல்லப்போவதற்கு அது வேண்டும். ஒரு சித்திரையில் பகல் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. காற்றாடி நின்றது. கினிப்பன்றிகள் காலை நீட்டிக் கவிழ்ந்து படுத்துவிட்டன, வாயோரம் எச்சில். அலுவலக அறை மட்டும் கொஞ்சம் குளிர்ச்சி, ஆனால் பாதிக் கூண்டுதான் கொள்ளும். டாக்டரம்மா கையைப் பிசைந்தார்.

"எதை முதல்ல தூக்கலாம்ண்ணே? சோதனையில இருக்கிறதைத் தூக்கிருவோமா?"

"அதைத் தொடாதீக," என்றேன். "பாதி குளிர்ல, பாதி வெக்கையிலன்னா நாளைக்கு ஆறினது மருந்தாலயா நிழலாலயான்னு யாரு சொல்லுவா? சோதனையில இருக்கிறது எல்லாம் ஒரே வெக்கையில கெடக்கட்டும். சினையா இருக்கிறதை மட்டும் உள்ள கொண்டுபோவோம். இதுகளுக்குக் கூரை மேல தண்ணி ஊத்துவோம்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு, "இதைத்தான் நான் ரெண்டு வருஷம் படிச்சேன்," என்றார்.

எல்லாக் கூண்டுக்கும் எல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டும், வித்தியாசம் மருந்து ஒன்றில் மட்டும்தான். இது எனக்கு யாரும் சொல்லாமலே தெரியும். தெரிந்தவன்தான் அதே வருஷம் ஆடியில் அதைக் குழிதோண்டிப் புதைத்தேன்.

அது இப்படி நடந்தது.

ஆனி மாதம் என் முழங்கைக்குக் கீழே ஒரு வட்டம் வந்தது. ஓரம் சிவந்து, நடு வெளுத்து, ஒரே அரிப்பு. சட்டைக் கையை இறக்கிவிட்டுத் திரிந்தேன். டாக்டரம்மா கண்ணில் இரண்டாம் நாளே பட்டுவிட்டது.

"கையில என்னண்ணே?"

"ஒன்னுமில்லம்மா. வண்டுகடி."

"எந்த வண்டு?"

"அது என்ன வண்டோ. ராத்திரி படுத்திருக்கையில கடிச்சிருக்கும்."

அவர் சிரித்தார். எங்கள் ஊர்ப்பக்கம் தோலில் இப்படி வட்டமாகத் தடித்தால் அதற்குப் பேர் வண்டுகடி. டவுனுக்காரர்கள் படர்தாமரை என்பார்கள். நான் சொன்ன பேரைக் கேட்டு அவர் என் கையைப் பிடித்து, மழுங்கின கத்தியால் செதிலைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து, ஒரு சொட்டு மருந்து விட்டுச் சூடு காட்டி, நுண்ணோக்கிக்குக் கீழே வைத்தார்.

"பாருங்க. வண்டு தெரியுதா?"

பார்த்தேன். நூல் நூலாக ஏதோ கிளை விட்டிருந்தது, கருவேலங்குச்சியைக் கொத்தாகப் போட்டதுபோல.

"வண்டு இல்லம்மா. நூலா இருக்கு."

"அதுதாண்ணே பூசணம். கூண்டுல நாம தேய்க்கிறோமே, அதே பூசணம். உங்க கையில ஏறியிருச்சு. இனிமே வண்டுகடின்னு சொல்லாதீங்க."

சரி என்றேன். சொல்லவும் இல்லை. ஆனால் நாக்கு விட்டுவிட்ட வார்த்தையை மண்டை விட்டுவிடாது. கண்ணால் பார்த்தபிறகும் எனக்குள்ளே அது வண்டு கடித்த புண்தான். சின்ன வயசில் காதில் விழுந்த வார்த்தைக்கு அவ்வளவு பலம்.

ஆடி பிறந்ததும் அவர் செய்த புதுக் களிம்புக்குச் சோதனை வைத்தோம். இரண்டு வருஷ வேலை அது. மதுரையில் பாதி, இங்கே பாதி என்று அலைந்து, வெயிலில் உருகாத, நம் வியர்வையில் வழியாத ஒரு களிம்பு செய்திருந்தார். நான்கு வரிசைக் கூண்டு. முதல் வரிசைக்கு ஒன்றும் தடவுவதில்லை, புண்ணோடு சும்மா விடுவது. இரண்டாம் வரிசைக்கு மருந்தில்லாத வெறும் களிம்பு. மூன்றாவதற்குக் கடையில் விற்கிற பழைய மருந்து. நான்காவதற்கு அவருடைய புதுக் களிம்பு. முதல் இரண்டு வரிசையில் புண் அப்படியே நிற்க வேண்டும், நான்காவதில் ஆற வேண்டும். அப்போதுதான் களிம்பு தேறியது என்று அர்த்தம்.

சோதனை தொடங்கும் முன்னால் முதலாளி வந்து நின்றார். அருப்புக்கோட்டையில் நூல் வியாபாரம் செய்த குடும்பம். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"ஏம்மா, இதுல தேறலைன்னா இந்தக் களிம்பை மூடிருவோம். இந்தக் கூடத்தையும் மூடிருவோம். எனக்கு நூல் போட எடம் பத்தலை. நீங்களும் மதுரையிலயே வேற வேலை பாத்துக்கிரலாம். வருத்தப்படாதீக, வியாபாரம்."

டாக்டரம்மா பூஞ்சையைத் தேய்த்து, நான்காம் நாள் புண் வந்ததைப் பார்த்துவிட்டு மதுரைக்குப் போனார். அங்கே வேறு வேலை இருந்தது. அடுத்த பத்து நாளும் மருந்து தடவுவது, குறிப்பேட்டில் எழுதுவது, கூடத்தின் சாவி எல்லாம் என் கையில்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, முதல் இரண்டு வரிசையில் புண் பரவ ஆரம்பித்தது. முதுகில் தேய்த்தது முதுகோடு நிற்காமல் இரண்டு மூன்றுக்குக் காதோரம் தடித்தது. பரவத்தான் செய்யும், மருந்து தடவவில்லையே. இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அந்தக் காதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கூண்டு மூலையில் ஒரு கருவண்டு ஓடியது. ஆடிக்காற்றில் தீவனச் சாக்கோடு வந்திருக்கும். வண்டு, வண்டுகடி. எனக்கு இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. பூஞ்சை போட்ட புண் முதுகில் இருக்கிறது, காதில் இருப்பது வண்டு கடித்தது, விட்டால் டாக்டரம்மாவின் சோதனை நாசமாகும் என்று கணக்குப் போட்டுவிட்டேன்.

கூண்டு கழுவ முத்தம்மா மதினி வருவார். பாலவனத்தத்துக்காரர். வாய் கொஞ்சம் நீளம். அவரிடம் கேட்டேன்.

"மதினி, ஒங்க வீட்டுக் கெணத்தடியில வண்டுகொல்லி நின்னுச்சே, இருக்கா?"

"ஏன், ஒங்க கொழுந்தியாளுக்கு மாலை கட்டவா?"

"வெளையாடாதீக. கூண்டுல வண்டு விழுந்திருக்கு. நாலு கொப்பு ஒடிச்சாந்து குடுங்க."

"சீமைப் பெருச்சாளிக்கு மெத்தையா? ஒங்க வீட்டுல பிள்ளைகளுக்கு ஒரு பாயி வாங்கிப் போட்டீகளா?"

கேலி பேசினாலும் மறுநாள் ஒரு கட்டு கொண்டுவந்துவிட்டார். சீமை அகத்தி என்று சிலர் சொல்லும் செடி அது. மஞ்சள் பூ மெழுகுவர்த்திபோல நிற்கும். எங்கள் பக்கம் வண்டுகொல்லி. வண்டுகடிக்கு அந்த இலையைத்தான் அரைத்துப் பூசுவார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் பேரில் இருந்ததுதான்: வண்டைக் கொல்லும். வாடை வந்தால்தானே வண்டு ஓடும் என்று உள்ளங்கையில் கசக்கி, பரவுகிற இரண்டு வரிசையில் மட்டும், அதாவது ஒன்றும் தடவாத வரிசையிலும் வெறும் களிம்பு வரிசையிலும், கூண்டுக்கு ஒரு கைப்பிடி போட்டேன். தினமும் பழசை எடுத்துவிட்டுப் புதுசு. மற்ற இரண்டு வரிசையில் புண் அடங்கிக்கொண்டு வந்தது, அங்கே வண்டு இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கினிப்பன்றிக்குப் பச்சை இலையைக் கண்டால் அதற்கு அடியில் புகுந்துகொள்ளும் குணம். கசக்கின இலை, சாறோடு, முதுகின் மேல். உங்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

டாக்டரம்மா வந்து புண்ணைப் பார்க்கும் நாளுக்கு முந்தின சாயங்காலம் கூண்டையெல்லாம் கழுவி, இலைதழை ஒன்றில்லாமல் சுத்தம் செய்தேன். மறைக்கவில்லை. முதலாளி வருகிறார், கூடம் பளிச்சென்று இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் முதலாளி முக்காலி போட்டு உட்கார்ந்தார். நான் ஒவ்வொன்றாகப் பிடித்துக் காட்ட, டாக்டரம்மா குனிந்து பார்த்து மதிப்பெண் சொன்னார். புண் அப்படியே இருந்தால் நான்கு, முழுக்க ஆறினால் சைபர். ஒன்றும் தடவாத முதல் வரிசை. நான்கோ மூன்றோ வர வேண்டியது. அவர் "ஒன்று" என்றார். அடுத்தது, "ஒன்று." மூன்றாவதைப் பார்த்துவிட்டு, கூண்டு எண்ணை இரண்டு தரம் பார்த்தார். "சைபர்." அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. கடைசி வரிசை, அவருடைய களிம்பு. அதுவும் நன்றாகத்தான் ஆறியிருந்தது. ஆனால் என்ன பிரயோஜனம்?

முதலாளி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ஏம்மா, மருந்து தடவினதும் ஆறியிருக்கு, ஒன்னும் தடவாததும் ஆறியிருக்கு. அப்ப மருந்து எதுக்கு? சும்மா இருந்தாலே ஆறிரும்னு டப்பாவுல எழுதி விக்கவா?"

"நான் தேய்ச்ச பூசணம் பலமில்லாம இருந்திருக்கலாம் சார்," என்றார் டாக்டரம்மா. "தப்பு என்மேலதான் இருக்கணும்."

"யார் மேல இருந்தா என்னம்மா. முந்தியே சொல்லிட்டேன்ல."

டாக்டரம்மா குறிப்பேட்டைப் புரட்டினார். போகிறவர் சாமானை ஒருதரம் பார்த்துக்கொள்கிற மாதிரி. ஒரு பக்கத்தில் நிறுத்தினார்.

"அண்ணே, 'கழிச்சல்'னு எழுதியிருக்கே. நீங்க எழுதினதா?"

"ஆமாம்மா."

"மொத ரெண்டு வரிசையில மட்டும் எழுதியிருக்கு. மத்த ரெண்டுல ஒன்னுகூட இல்ல. தீவனம் ஒரே தீவனம்தானே?"

வயிற்றுப்போக்கைக் கண்டபடியே எழுதி வைத்திருந்தேன். கண்டதை எழுதாமல் விடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. அந்தக் கணம்தான் எனக்கு உறைத்தது. வண்டுகொல்லிக் கொழுந்தைக் கடித்த ஆடு கழியும். ஆடு மேய்த்தவன் எவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இலையை அவை தின்றிருக்கின்றன. தின்றவை எல்லாம் ஆறியிருக்கின்றன, வண்டுகடிக்குப் பூசுகிற அதே சாறு முதுகில் பட்டு.

பீடி பற்றவைக்கும் நேரம்கூட இருக்காது. அதற்குள் எனக்கு மூன்று வழி தெரிந்தது, மறைக்காமல் எழுதுகிறேன். ஒன்று, சும்மா இருந்துவிடுவது. கூண்டில் ஓர் இலை இல்லை, நான் சொன்னாலொழிய யாருக்கும் தெரியாது. டாக்டரம்மா போவார், நான் நூல் குடோனுக்குக் காவலாகவாவது இருப்பேன். இரண்டு, வாளியோடு வாசலில் நின்ற முத்தம்மா மதினியைக் காட்டிவிடுவது. கொப்பு ஒடித்து வந்தது அவர்தானே. மூன்றாவது என்ன என்று உங்களுக்குத் தெரியும். முதல் வழியில் என் கால் பாதி போய்விட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"என்னப்பா, கேக்குறாகள்ல? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றார் முதலாளி.

"நான்தான் மொதலாளி. இலை போட்டேன்."

"என்ன இலை?"

"வண்டுகொல்லி."

"எதுக்கு?"

"வண்டுக்கு."

"எந்த வண்டுக்குப்பா?"

வாசலில் முத்தம்மா மதினி, "நான்தான் சாமி ஒடிச்சாந்தேன்," என்று வாயெடுத்தார்.

"அவுக நான் கேட்டதுக்குக் கொண்டாந்தாக. கசக்கிப் போட்டது நான்," என்றேன்.

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "இவன் கணக்கை முடிச்சு அனுப்பிருங்கம்மா. படிக்காதவன் கையில சாவியைக் குடுத்தா இப்படித்தான். ஆடு மேய்க்கிறவனுக்கு ஆஸ்பத்திரி வேலை."

டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னைத் திட்டவும் இல்லை. குறிப்பேட்டில் புதுப் பக்கம் திருப்பினார்.

"எந்தெந்தக் கூண்டுண்ணே?"

சொன்னேன்.

"என்னிக்கு ஆரம்பிச்சீங்க? ஒரு கூண்டுக்கு எவ்வளவு? முழு இலையா, கசக்கினதா? பழசை எப்ப எடுத்தீங்க? எந்தக் கூண்டுலயாவது ஒருநாள் விட்டுப்போச்சா?"

ஒன்றொன்றாகச் சொன்னேன். இரண்டாம் வரிசையில் ஐந்தாம் கூண்டுக்கு ஒருநாள் இலை பற்றவில்லை, பாதிதான் போட்டேன் என்பதுவரை சொன்னேன். அவர் புரட்டிப் பார்த்தார். இரண்டாம் வரிசையில் ஐந்தாம் கூண்டு மட்டும் இரண்டு மதிப்பெண். மற்றவற்றைவிட ஆறாதது அதுதான்.

"சார், இவரை அனுப்பிட்டா இதை யார் சொல்லுவா?" என்றார். "பூசணம் பலமாத்தான் இருந்திருக்கு. என் களிம்பு தோக்கவும் இல்ல, ஜெயிக்கவும் இல்ல. போட்டியே நடக்கல. இன்னொரு சுற்று குடுங்க."

இளையவர்களே, இதை மட்டும் கவனித்து வையுங்கள். தப்பை ஒத்துக்கொள்வது பாதி வேலைதான். 'மன்னிச்சுக்கங்க, நான்தான்' என்று அழுதுவிட்டுப் போகிறவனால் கூடத்துக்கு ஒரு பயனும் இல்லை. எந்தக் கூண்டு, எந்த நாள், எவ்வளவு. அதைச் சொல்கிறவன்தான் மிச்சத்தைக் காப்பாற்றுகிறான். நான் அழவில்லை. எனக்கு ஞாபகம் இருந்தது. இருபது வருஷம் படித்தவனுக்கு அன்று என் இடத்தில் அது இருந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

முதலாளி ஒரு சுற்று கொடுத்தார். ஆனால் என் இடுப்புச் சாவியை வாங்கி முத்தம்மா மதினியிடம் கொடுத்துவிட்டார். அந்தச் சுற்று முடியும்வரை நான் கூண்டு கழுவ வேண்டும், மதினி திறந்துவிடுவார். கையில் சாவி ஏறியதும் மதினி நடையே மாறிவிட்டது.

"என்ன அத்தான், பெரியாளு வந்தா எந்திரிக்கிற பழக்கமில்லையா?"

"வாளியைக் கீழ வச்சிட்டு எந்திரிக்கிறேன், பொறுங்க."

"மூலையில அழுக்கு நிக்குது. அன்னைக்கு எனக்குச் சொன்னீகள்ல, மூலையைத் தேயி மூலையைத் தேயின்னு. தேயுங்க."

தேய்த்தேன். ஒன்றும் குறைந்துவிடவில்லை. சொல்லப்போனால், கூண்டு எப்போதும்விட அந்தச் சுற்றில்தான் சுத்தமாக இருந்தது.

ஐப்பசி மழைக்கு முன்னால் இரண்டாம் சுற்று. புது விலங்கு, அதே பூஞ்சை. முதல் வரிசையில் புண் பரவியது, காதோரம் தடித்தது. எனக்குக் கை அரித்தது, புண்ணால் அல்ல. வண்டும் வந்தது. ஒரு தகர டப்பாவில் மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடித்துப் போட்டேன், நான்கு வரிசையிலும் ஒன்றுபோல. இலையைத் தொடவில்லை. உதவ வேண்டும் என்று தோன்றுகிற இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் இந்தத் தொழிலில் கஷ்டமான வேலை. மருந்து தடவாமல் விடப்பட்ட விலங்கு நம்மைப் பார்க்கும். பார்க்கட்டும். அது அப்படிக் கிடப்பதால்தான் மற்றதன் புண் எதனால் ஆறியது என்று நமக்குத் தெரிகிறது. அதன் மேல் இரக்கப்பட்டு நாம் ஏதாவது செய்தால் அது பட்ட பாடும் வீண்.

பதினாலாம் நாள் முதலாளி அதே முக்காலியில் உட்கார்ந்தார். முதல் வரிசை நான்கு, நான்கு, மூன்று. வெறும் களிம்பு, மூன்று, நான்கு. கடை மருந்து, இரண்டையொட்டி. டாக்டரம்மாவின் களிம்பு, ஒன்று, சைபர், சைபர், ஒன்று. முதுகு மயிரைப் பிடுங்கித் தட்டில் வைத்துப் பூஞ்சை முளைக்கிறதா என்று பார்த்ததும் அப்படியே வந்தது. முதலாளி எழுந்து நின்று, "அப்ப நூலுக்கு வேற எடம் பாக்கணும்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சாவி என் இடுப்புக்குத் திரும்ப வந்தது. கொடுக்க மனசில்லாமல்தான் மதினி கொடுத்தார். கூடம் இன்றுவரை நிற்கிறது, நீங்கள் நிற்கிறீர்கள். அந்த இலையைத் தனியாகச் சோதித்துப் பிற்பாடு ஒருவர் பட்டமே வாங்கினார். அது போகட்டும், அந்தச் சண்டை வேறு.

என் சண்டை ஒரே ஒரு வரியோடு.

அந்தச் சோதனையின் அறிக்கையை டாக்டரம்மா இங்கிலீஷிலும் தமிழிலும் எழுதினார். தமிழை எனக்கு வாசித்துக் காட்டினார். அதில் ஒரு வரி: "பணியாளர் ஒருவரின் கவனக்குறைவால் முதல் சுற்று கைவிடப்பட்டது."

"இது யாரும்மா, பணியாளர் ஒருவர்?"

"நீங்கதாண்ணே."

"அப்ப என் பேரைப் போடுங்க."

"பேரைப் போட்டா அது நிரந்தரமா நிக்கும். மொதலாளி ஒவ்வொரு தடவ கோப்பைத் திறக்கும்போதும் ஞாபகம் வரும். உங்க நல்லதுக்குத்தாண்ணே மறைச்சிருக்கேன்."

அன்று எனக்கு மூன்று பிள்ளைகள், வேலை வேண்டும். வாயை மூடிக்கொண்டேன். அவர் என்னைக் காப்பாற்றத்தான் எழுதினார், அதில் எனக்கு வருத்தம் இல்லை. அவர் இங்கிருந்து போய் வெகுகாலம் ஆகிறது. முதலாளியும் இல்லை. நானும் ஓய்வுபெற்றுவிட்டேன். இனி அந்த வரியால் எனக்கு ஒரு கெடுதலும் வராது. ஆனால் நீங்கள் புதிதாக வருகிறவர்களுக்கு இன்னமும் அந்த அறிக்கையைப் பாடமாக வாசித்துக் காட்டுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். போன மாதம் கூடத்துக்கு வந்திருந்தேன். ஒரு தம்பி என்னிடமே சொன்னார், "முந்தி இங்க எவனோ ஒரு படிக்காதவன் இலையைப் போட்டு ஒரு சோதனையையே கெடுத்துட்டானாம் ஐயா." நான் யார் என்று அவருக்குத் தெரியாது. அவர்மேல் குற்றமில்லை, கோப்பில் அப்படித்தான் இருக்கிறது.

ஆகவே கேட்கிறேன். தயவாகக் கேட்கவில்லை, பாத்தியதையாகக் கேட்கிறேன். அது கவனக்குறைவு அல்ல. கவனம் குறைந்தவன் காதோரத் தடிப்பைப் பார்த்திருக்க மாட்டான், கழிச்சலை எழுதியிருக்க மாட்டான், பாதிக் கைப்பிடி போட்ட கூண்டை ஞாபகம் வைத்திருக்க மாட்டான். எனக்குக் கவனம் கூடிப்போனது, அதுதான் தப்பு. 'எவனோ' செய்த தப்பும் அல்ல. அந்தக் கோப்பு இப்போது உங்களில் ஒருவர் பொறுப்பில் இருக்கிறது. எடுங்கள். 'கவனக்குறைவால்' என்பதை அடித்து 'அறியாமல் இலையிட்டதால்' என்று எழுதுங்கள். 'பணியாளர் ஒருவர்' என்பதை அடித்து 'நரிக்குடி மு. சோலைமலை' என்று எழுதுங்கள். அடுத்த வரியாக 'இதைத் தாமே தெரிவித்தவரும் அவரே' என்று சேருங்கள். அதைச் சேர்க்காமல் என் பேரை மட்டும் போட்டுவிடாதீர்கள்.

திருத்தம் எப்படிப் போடுவது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளை பூச வேண்டாம். பழைய எழுத்து கீழே தெரியும்படி ஒற்றைக் கோடு. பக்கத்தில் தேதி. சாட்சிக் கையெழுத்துப் போட நான் வருகிறேன்.